கார்பன் கசிவு: ஆலையை இழக்கும் ஊர் பேசுகிறது, ஆலை வந்து சேரும் ஊர்?

பிறைக்காரன்:

வணக்கம். பிறை தொழிற்பேட்டையில் போல்ட், நட் செய்யும் ஓர் ஆலையில் தரக்கட்டுப்பாடும் ஏற்றுமதிப் பத்திரங்களும் என் பொறுப்பு. மலேசியாவில் பினாங்கிலும் கிள்ளானிலும் ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பும் இடங்களில் வேலை செய்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால்தான் இதை இங்கே தொடங்குகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரியை ஆலையில் நாங்கள் ‘சிபாம்’ என்போம். 2023 அக்டோபர் 1 முதல் 2025 டிசம்பர் 31 வரை கணக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் காசு கட்டும் கட்டம். இரும்பு எஃகு, அலுமினியம், சிமெண்டு, உரம், ஹைட்ரஜன், மின்சாரம் இவை பட்டியலில் உள்ளன. போல்ட், நட், திருகு எல்லாம் எஃகுத் தலைப்பின் கீழ் வந்துவிடும்.

எங்கள் தளத்தில் இது எப்படி வருகிறது என்று சொல்கிறேன். கம்பிச் சுருள் லோரியில் வந்து இறங்கும்போது ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கும். அதில் ஹீட் நம்பர் இருக்கும். எந்த உருக்கில் வார்த்தது என்பதை அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கம்பி ஆலை தரும் மில் சர்டிபிகேட்டோடு ஒப்பிட்டு, மாங்கனீசு எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுச் சுருளை உள்ளே எடுப்போம். இப்போது வாங்குபவர் அனுப்பும் எக்செல் படிவம் அதற்கு மேலும் கேட்கிறது. உருக்கியது நிலக்கரி எரிக்கும் ஊதுலையிலா, பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கும் மின்வில் உலையிலா? ஒரு டன் கம்பிக்கு எவ்வளவு கரியமில வாயு? அளந்தது யார், சரிபார்த்தது யார்?

எங்கள் ஆலையில் எரிவது வெப்பப் பதம் கொடுக்கும் உலைக்கான எரிவாயு மட்டுமே. தலை அடிப்பதும் மரை உருட்டுவதும் மின்சாரத்தில் நடக்கின்றன. எஃகுப் பொருளுக்கு மின்சாரத்தின் புகை சிபாம் கணக்கில் வராது. ஆகவே எங்கள் போல்ட்டின் கணக்கில் முக்கால்வாசிக்கு மேல் கம்பியோடு வந்து இறங்கியதுதான். கம்பி ஆலை எண் தராவிட்டால் ஐரோப்பா தன் இயல்பு மதிப்பைப் போட்டுக்கொள்ளும். அது வேண்டுமென்றே ஒரு படி உயர்த்திய எண்.

இந்த வரிக்கு அவர்கள் சொல்லும் காரணம் கார்பன் கசிவு. ஒரு நாடு புகைக்கு விலை வைத்தால், ஆலை விலை இல்லாத நாட்டுக்குப் போய்விடும், உலகத்தில் புகை குறையாது என்பது வாதம். வாதத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ஆலையை இழக்கிற ஊரின் கவலைதான் இருக்கிறது. ஆலையும் புகையும் வந்து சேர்கிற ஊருக்கு என்ன கொள்கை வேண்டும் என்று யாரும் எழுதக் காணோம். அந்த ஊர் நாம்தானே? இதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

பொருளியல்_பித்தன்:

நல்ல கேள்வி. கோலாலம்பூரில் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன், அடிப்படையை மட்டும் வைத்துவிட்டுப் போகிறேன்.

கசிவு மூன்று வழியில் நடக்கும். ஒன்று, இருக்கிற ஆலை உற்பத்தியைக் குறைக்க, வெளிநாட்டு ஆலை அந்தச் சந்தையைப் பிடிப்பது. இரண்டு, அடுத்த ஆலையை எங்கே கட்டுவது என்ற முடிவு மாறுவது. இது மெதுவாக நடக்கும், ஆனால் முப்பது நாற்பது வருடத்துக்கு நிற்கும். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: பணக்கார நாடுகள் நிலக்கரியும் எண்ணெயும் குறைவாக வாங்கினால் உலக விலை இறங்கும், விலை இறங்கினால் மற்றவர்கள் கூடுதலாக எரிப்பார்கள். இந்த மூன்றாவது வழியை எந்த எல்லை வரியாலும் அடைக்க முடியாது.

அளவைப் பற்றி: இங்கே குறைத்த புகையில் எத்தனை சதவீதம் அங்கே கூடியது என்பதுதான் கசிவு விகிதம். ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கை மாதிரிக் கணக்குகளை வைத்து 5 முதல் 20 சதவீதம் என்றது. ஆனால் ஐரோப்பாவின் உமிழ்வு வர்த்தகம் (ஆலை விடும் ஒவ்வொரு டன் புகைக்கும் ஓர் உரிமம் வேண்டும்) 2005-இல் தொடங்கிய பிறகு நடந்ததைப் பின்னோக்கி ஆராய்ந்தவர்களுக்குப் பெரிய கசிவு எதுவும் தட்டுப்படவில்லை. காரணம் இரண்டு. கனரக ஆலைகளுக்கு உரிமங்களை இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். விலையும் பல வருடம் டன்னுக்கு 10 யூரோவுக்குக் கீழேயே படுத்துக்கிடந்தது. 2023 பிப்ரவரியில் 100 யூரோவைத் தொட்ட பிறகுதான் கதை மாறியது. இனி இலவச உரிமத்தை 2034-க்குள் முழுதாக நிறுத்தப் போகிறார்கள், அந்த இடத்துக்குத்தான் சிபாம் வருகிறது. அதாவது, இதுவரை நடந்த கசிவுக்கான மருந்து இல்லை இது. இனி நடக்கக்கூடாது என்று போடும் அணை.

வரலாறு_மறவாதவன்:

//ஒரு நாடு புகைக்கு விலை வைத்தால், ஆலை விலை இல்லாத நாட்டுக்குப் போய்விடும்//

அண்ணே, இருநூறு வருடம் விலையே வைக்காமல் எரித்தவன் யார்? 1850 முதல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து வானத்தில் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்காவுடையது. ஐரோப்பாவையும் பிரிட்டனையும் சேர்த்தால் இன்னொரு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். நம் பாட்டன் பூட்டன் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தில் வெட்டியதும் அவர்கள் ரயிலுக்குத்தான்.

1989 அக்டோபரில் காமன்வெல்த் தலைவர்கள் நம்ம லங்காவியில் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி உதவிக்கு நிபந்தனை போடக் கூடாது, நியாயமற்ற வர்த்தகத் தடைக்கு அது சாக்காகவும் ஆகக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. பிரிட்டனும் அதில் ஒரு கட்சி. 1992 ஐநா காலநிலை உடன்படிக்கையின் 3-ஆம் பிரிவு, 5-ஆம் பத்தியும் இதையே சொல்கிறது. பொதுவான ஆனால் வேறுபட்ட பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, இப்போது எல்லோருக்கும் ஒரே விலை என்கிறார்கள். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்குக்கூடச் சிபாமில் விலக்குக் கிடையாது. வசூலாகும் காசு ஐரோப்பாவிலேயே தங்குகிறது. இது நியாயமா?

பொருளியல்_பித்தன்:

நியாயம் இல்லை என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் மலேசியா அந்த நியாயத்தைக் கேட்கும்போது ஓர் எண்ணையும் மறைக்கக் கூடாது. ஆளுக்கு ஆண்டுக்கு நாம் வெளியிடுவது சுமார் 8 டன் கரியமில வாயு. ஐரோப்பிய ஒன்றியச் சராசரி நம்மைவிடக் குறைவு, 6 டன் சுற்று. இந்தியா 2 டன் அளவில். நாம் இந்தியாவின் வரிசையில் நின்றுகொண்டு பேசினால் யாரும் நம்ப மாட்டார்கள். மொசாம்பிக்குக்கு விலக்குக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். நமக்குக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:

கொஞ்சம் தரைக்கு வருவோமா. நான் கேள்விப்பட்டது: 2025 அக்டோபரில் விதியைத் தளர்த்தி, 50 டன்னுக்குக் கீழே இருந்தால் விலக்கு என்று சொல்லிவிட்டார்கள். 2026-இல் கட்ட வேண்டியதும் வெறும் 2.5 சதவீதம்தான். அப்படியென்றால் சின்ன ஆலைகள் ஏன் இவ்வளவு பதற வேண்டும்?

பிறைக்காரன்:

கணக்குப்பிள்ளை சார், இந்த இரண்டும் எங்கள் வட்டாரத்திலும் எல்லோரும் சொல்வதுதான். இரண்டிலும் ஒரு வளைவு இருக்கிறது.

50 டன் என்பது நாம் அனுப்புவதை வைத்து அல்ல. அங்கே இறக்குமதி செய்பவர் ஒரு வருடத்தில் எல்லா நாட்டிலிருந்தும் கொண்டுவருவதன் மொத்த எடை. இரண்டு இருபதடிக் கொள்கலனில் போல்ட் ஏற்றினாலே கிட்டத்தட்ட அந்த எடை வந்துவிடும். நம்மிடம் ஒரு கொள்கலன் வாங்குபவர் தைவானிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வாங்குகிறார் என்றால் அவருக்கு விலக்கு இல்லை, அவருடைய படிவம் நம் மேசைக்கு வரும்.

2.5 சதவீதத்துக்கு வருகிறேன். 2026-இல் ஐரோப்பிய ஆலைக்கு இலவச உரிமத்தில் 2.5 சதவீதம் வெட்டு. மீதி 97.5 சதவீதம் இன்னும் இலவசம். ஆனால் அந்த இலவசம் அவர்கள் விடும் புகை முழுவதற்கும் இல்லை. நல்ல ஆலை இவ்வளவுதான் விடும் என்று வைத்த அடையாள அளவுக்கு மட்டும். நமக்கும் அதே கணக்கில்தான் கழிவு. ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்: நிலக்கரி ஊதுலைக் கம்பி, டன்னுக்கு 2.3 டன் புகை. அடையாள அளவு 1.4. கழிவு 1.4-இல் 97.5 சதவீதம், அதாவது 1.365. மிச்சம் 0.935. ஒரு கொள்கலனில் 24 டன் சரக்கு, புகை விலை 75 யூரோ என்றால் கிட்டத்தட்ட 1,680 யூரோ. 2.5 சதவீதம் மட்டும்தான் என்று நினைத்தவர் போட்டு வைத்திருந்தது 100 யூரோ அளவு. 2034-இல் கழிவே இல்லாதபோது அதே கொள்கலனுக்கு 4,140 யூரோ. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கிய கம்பியாக இருந்தால் டன்னுக்கு 0.7 சுற்று, அதாவது 1,260 யூரோ.

கட்டுவது இறக்குமதியாளர், புகைக்கு ஏற்பச் சிபாம் சான்றிதழ் வாங்கி. 2026 சரக்குக்கான சான்றிதழ் விற்பனை 2027 பிப்ரவரியில்தான் தொடங்குகிறது. ஆனால் விலை பேசும்போது அதை நம் தலையில் இறக்காமல் விடுவாரா?

புதுமுகம்_சுங்கைபட்டாணி:

ஒரு சந்தேகம். மின்வில் உலைக் கம்பியில் செய்ததை ஐரோப்பாவுக்கும், ஊதுலைக் கம்பியில் செய்ததை மற்ற நாட்டுக்கும் அனுப்பிவிட்டால் பிரச்சினை முடிந்ததே? ஏன் யாரும் சொல்லவில்லை?

பொருளியல்_பித்தன்:

பலர் அதைத்தான் செய்வார்கள். உற்பத்தி மாறாது, சரக்கின் முகவரி மட்டும் மாறும். உலகப் புகையில் ஒரு கிலோ குறையாது. சிபாமின் பெரிய ஓட்டை இது. பெரிய நாடுகளுக்கு இது சுலபம், ஏனென்றால் அவர்களிடம் இரண்டு வகை ஆலையும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. சின்ன நாட்டில் ஒரே கம்பி ஆலையிடம் வாங்குகிறவனுக்கு மாற்றி அனுப்ப எதுவும் இல்லை. ஆக ஓட்டையும் பெரியவனுக்குத்தான் பயன்படும்.

ஜேபி_மின்னல்:

நான் பட்டர்வொர்த்காரன், இப்போது வேலை ஜொகூரில், தரவு மையங்களுக்கு மின் இணைப்புப் போடும் குத்தகையில். பிறைக்காரன் அண்ணே கேட்ட கேள்வி இங்கே கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்களை நிறுத்தி வைத்தது. 2022 ஜனவரியில் நிபந்தனையோடு திறந்தது. நிலமும் மின்சாரமும் போதாது, காலநிலை இலக்கும் இருக்கிறது என்றார்கள். அதற்குள் கட்டடங்கள் பாலத்தைத் தாண்டி வந்துவிட்டன. செடேனாக், கூலாய், இஸ்கண்டார் புத்ரி பக்கம் போய்ப் பாருங்கள். செம்பனை வெட்டிய நிலத்தில் வரிசையாகத் துணைமின் நிலையம் எழும்புகிறது. டிரான்ஸ்பார்மர் ஒன்றை இறக்குவதற்கு அச்சு நிறைய வைத்த டிரெய்லர் நள்ளிரவில் போலீஸ் வண்டி முன்னும் பின்னும் வர ஊர்ந்து வருகிறது. சர்வர் ஓடத் தொடங்கும் முன்பே வரிசையாக டீசல் ஜெனரேட்டர்களைச் சோதித்துப் பார்ப்போம், அந்த வாடை சட்டையில் இரண்டு நாள் நிற்கும்.

சிங்கப்பூர் மின்சாரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயு, ஒரு யூனிட்டுக்கு 0.4 கிலோ சுற்று. நம் தீபகற்ப மின்சாரத்தில் நிலக்கரி பெரும்பங்கு, 0.7 கிலோவுக்கு மேல். அதே சர்வர், அதே வேலை, ஒரு மணி நேரப் பயணத் தூரம், புகை ஒன்றரை மடங்குக்கு மேல். சிங்கப்பூர் கார்பன் வரியும் 2019-இல் 5 வெள்ளி, 2024-இல் 25, 2026-இல் 45 என்று ஏறுகிறது. 2030-இல் 50 முதல் 80 வரை போகும் என்று அறிவித்துவிட்டார்கள். நம் பக்கம் சுழியத்தில் நின்றால் அடுத்து என்னென்ன பாலம் தாண்டும்?

எனக்கு இந்த வேலை சோறு போடுகிறது, வேண்டாம் என்று சொல்லவில்லை. வரும் ஆலையிடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

பொருளியல்_பித்தன்:

ஜேபி தம்பி சொல்வது அருமையான உதாரணம். ஆனால் கறாராக ஒன்றைச் சொல்ல வேண்டும். கார்பன் விலையால் நகர்ந்ததை மட்டும்தான் கார்பன் கசிவு என்பார்கள். ஜொகூரில் நிலம் மலிவு, தண்ணீர் உண்டு, மின்சாரம் உடனே கிடைத்தது. கார்பன் வரி இல்லாவிட்டாலும் பாதிக்கு மேல் வந்திருக்கலாம்.

எஃகும் அப்படித்தான். குவாந்தான் கெபெங்கில் சீன முதலீட்டில் ஊதுலையோடு எழுந்த ஆலை 2018-இல் ஓடத் தொடங்கியது, ஆண்டுக்கு 35 லட்சம் டன் கொள்ளளவு. சீனாவின் தேசிய உமிழ்வு வர்த்தகத்தில் எஃகு சேர்ந்தது 2025-இல். ஆகவே கார்பன் விலைக்குப் பயந்து ஓடி வந்தது என்று சொல்ல முடியாது. அங்கே உற்பத்தி மிதமிஞ்சிப் போனது, அவர்கள் சரக்கின் மேல் பல நாடுகள் தடை வரி போட்டன, அதுதான் தள்ளியது. நம் அரசே 2023 ஆகஸ்டில் புதிய எஃகு உரிமங்களை இரண்டு வருடம் நிறுத்தி வைத்ததற்கும் இந்த மிதமிஞ்சிய கொள்ளளவுதான் முக்கியக் காரணம்.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. ஜெர்மனி 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சூரிய மின்சாரத்துக்கு உறுதி விலை கொடுத்தது. அந்தத் தேவையை நம்பி உலகம் முழுக்கத் தகடு ஆலைகள் எழுந்தன, கூலிமிலும் எழுந்தன. தகடு விலை சரிந்து, இன்று கெடாவில் வீட்டுக் கூரையில் ஏறியிருக்கிறது. ஒரு நாட்டின் கொள்கையால் மற்ற நாட்டில் புகை குறைந்த கதை அது. கசிவைப் பேசும்போது இதையும் எடை போட வேண்டும்.

பிறைக்காரன்:

பித்தன் சார், வரையறை சரி. ஆனால் குவாந்தான் மக்கள் மூச்சில் போகும் புகைக்கு, தள்ளியது கார்பன் விலையா தடை வரியா என்பது தெரியாது. எங்கோ ஓர் இடத்தில் விதி இறுகுகிறது, சுமை விதி தளர்ந்த இடத்துக்கு வருகிறது. 2018-இல் சீனா பிளாஸ்டிக் குப்பையை நிறுத்தியதும் அது எங்கே வந்தது? ஜெஞ்சாரோமுக்கும் சுங்கைபட்டாணிக்கும். பட்டர்வொர்த் துறைமுகத்தில் கொள்கலன் கொள்கலனாகத் தேங்கிக் கிடந்து, 2020 ஜனவரியில் 150 கொள்கலன்களைத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்று அமைச்சர் அறிவிக்க வேண்டியதாயிற்று. குப்பையைக் கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பலாம். ஊதுலையை எந்தக் கப்பலில் ஏற்றுவது?

பாயான்_லெப்பாஸ்_அக்கா:

பிள்ளைகள் பேசுவதைப் படித்துக்கொண்டே இருந்தேன். நான் பாயான் லெப்பாஸ் மின்னியல் தொழிற்சாலையில் எண்பதுகளில் வேலைக்குச் சேர்ந்தவள். உங்கள் பேச்சில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அப்போது சர்க்கிட் பலகையில் ஈயம் பற்றவைத்த பிறகு பிசின் கறையைக் கழுவ ஒரு திரவம் வைத்திருப்போம். எவர்சில்வர் தொட்டியில் அடியில் சூடு, மேலே குளிர் குழாய். பலகைக் கூடையை ஆவிக்குள் இறக்கி, ஒரு நிமிடம் நிறுத்தித் தூக்கினால் பளிச்சென்று காய்ந்து வரும். கையில் பட்டால் சில்லென்று இருக்கும், அடுத்த நொடி காணாமல் போகும். அது சிஎப்சி 113. ஓசோன் படலத்தைத் தின்றது அந்த வகைதான். எங்களுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. அதிலும் வர்த்தகத் தடை இருந்தது. ஒப்பந்தத்தில் சேராத நாட்டோடு சிஎப்சி வாங்கல் விற்றல் கூடாது. பணக்கார நாடுகளின் சதி என்று அப்போதும் பேச்சு இருந்தது. மலேசியா 1989-இல் சேர்ந்தது. ஆனால் தடியை மட்டும் காட்டவில்லை. வளரும் நாடுகளுக்குப் பத்து வருடம் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். 1990-இல் லண்டனில் கூடி, மாற்றும் செலவுக்கென்று ஒரு பொது நிதியும் ஏற்படுத்தினார்கள். தொண்ணூறுகளில் எங்கள் தளத்தில் அந்தத் தொட்டிகளை எடுத்துவிட்டு, தண்ணீரில் கழுவும் முறையும், கழுவவே தேவையில்லாத பற்றுப்பசையும் வந்தன. ஒருவருக்கும் வேலை போகவில்லை. 2010-இல் வளரும் நாடுகளிலும் சிஎப்சி முழுதாக நின்றது.

இப்போது இந்தச் சிபாமில் தடை இருக்கிறது. அவகாசம் எங்கே, நிதி எங்கே? 2024-இல் பாகு காலநிலை மாநாட்டில் ஆண்டுக்கு 300 பில்லியன் டாலர் 2035-க்குள் என்றார்கள். அது தனி வாக்குறுதியாகக் கிடக்கிறது, எல்லையில் வாங்கும் வரியோடு அதற்கு எந்த இணைப்பும் இல்லை. இணைத்துக் கொடுங்கள் என்று கேட்பதுதான் சரியான கோரிக்கை என்று எனக்குப் படுகிறது.

வரலாறு_மறவாதவன்:

அக்கா, கைகூப்புகிறேன். நான் கோபத்தில் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்.

அப்படியானால் உலக வர்த்தக நிறுவனத்துக்குப் போனால் என்ன? வழக்குப் போட்டுக் கேட்கலாமே?

சட்டம்_படித்தவள்:

மலேசியாவுக்கு அந்தப் பாதை புதிதல்ல. இறால் வலையில் கடல் ஆமை மாட்டிச் சாகிறது, ஆமை தப்பிக்கும் கருவி பொருத்தாத நாட்டு இறால் வேண்டாம் என்று அமெரிக்கா சொன்னபோது, இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் சேர்ந்து வழக்குப் போட்டன. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டு அமைப்பு தீர்ப்புச் சொன்னது. நாம் ஜெயித்தோம், ஆனால் எதில் ஜெயித்தோம் என்பதைக் கவனிக்க வேண்டும். இயற்கையைக் காக்க இறக்குமதியைத் தடுக்கலாம் என்ற கொள்கையை அது ஏற்றுக்கொண்டது. சில நாடுகளோடு பேசிவிட்டு ஆசிய நாடுகளோடு பேசாமல் பாரபட்சம் காட்டியதைத்தான் தவறு என்றது. அமெரிக்கா விதியைக் கொஞ்சம் தளர்த்தி, நல்லெண்ணத்தோடு பேச்சுவார்த்தை நடத்தியது. மலேசியா மட்டும் மீண்டும் வழக்குக்குப் போய் 2001-இல் தோற்றது.

ஐரோப்பாவுக்கு எதிராக மலேசியா போட்ட செம்பனை எண்ணெய் உயிரி எரிபொருள் வழக்கிலும் 2024 மார்ச்சில் ஏறக்குறைய அதே போக்கு. ஐரோப்பா நடைமுறையில் செய்த குறைகளைக் குழு கண்டித்தது. கொள்கையை அடியோடு தள்ளவில்லை. மேல்முறையீட்டு அமைப்போ 2019 டிசம்பர் முதல் நடுவர் இல்லாமல் செயலற்றுக் கிடக்கிறது. வழக்கால் சிபாமைக் கவிழ்க்க முடியும் என்று நம்பி யாரும் முதலீட்டு முடிவை எடுக்காதீர்கள். பேச்சுவார்த்தை மேசையில் வழக்கு ஒரு நெருக்கடிக் கருவியாக உதவும், அவ்வளவுதான்.

பிறைக்காரன்:

இப்போது என் எண்ணத்தை முழுதாக வைக்கிறேன்.

சிபாம் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, பொருள் செய்த நாட்டிலேயே கார்பன் விலை கட்டியிருந்தால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. உண்மையில் கட்டியதைத்தான் கழிக்கலாம், திருப்பி வாங்கியதைக் கழிக்க முடியாது. 2024 அக்டோபர் 18 பட்ஜெட் உரையில் பிரதமர் அன்வார் 2026-க்குள் இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்குக் கார்பன் வரி என்று அறிவித்தார். எங்கள் ஆலைக்காரர்கள் பலர் அதை இன்னொரு சுமையாகத்தான் பார்த்தார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. எப்படியும் அந்தக் காசு போகப் போகிறது. பிரஸ்ஸல்ஸுக்குப் போவதா, புத்ராஜெயாவுக்கு வருவதா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

ஆனால் புத்ராஜெயாவுக்கு வந்த பிறகு எங்கே போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்கு மூன்று வேண்டும். கம்பி ஆலைகள் ஒவ்வொரு ஹீட் நம்பருக்கும் புகை எண்ணை மில் சர்டிபிகேட்டிலேயே அச்சடித்துத் தரச் சட்டம் வேண்டும். என் போன்றவன் கெஞ்சி வாங்கும் நிலை மாற வேண்டும். சரிபார்ப்புக்கு ஆகும் செலவு பெரிய ஆலைக்குத் தூசு, இருபது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு ஒரு வருட லாபம். அந்தச் செலவை வரிப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். உள்நாட்டில் விற்கும் ஊதுலை எஃகுக்கும் அதே வரி வேண்டும். ஏற்றுமதிக்கு மட்டும் போட்டால் சுத்தமான கம்பி ஐரோப்பாவுக்கும் அழுக்குக் கம்பி நம் வீட்டுத் தூணுக்கும் போகும்.

இன்னொன்று, எங்கள் தொழிலுக்கு ஐரோப்பாவோடு பழைய கசப்பு உண்டு. 2009-இல் சீன போல்ட்டுக்கு 85 சதவீதம் வரை தடை வரி போட்டார்கள். சீனச் சரக்கு மலேசியா வழியாக முகவரி மாற்றிப் போகிறது என்று சொல்லி, 2011-இல் அந்த வரியை மலேசிய போல்ட்டுக்கும் நீட்டினார்கள். உண்மையாக இங்கே செய்தவர்கள் தனித்தனியாக நிரூபித்து விலக்கு வாங்க வேண்டியிருந்தது. 2016-இல்தான் அது போனது. அப்போது தப்பியவர்கள் பத்திரம் ஒழுங்காக வைத்திருந்தவர்கள். இப்போதும் எண்ணைக் கையில் வைத்திருப்பவன்தான் தப்பிப்பான்.

வரலாறு_மறவாதவன்:

உள்நாட்டு எஃகுக்கும் வரி என்றால் வீட்டு விலை ஏறும். மலிவு வீடு வாங்கக் காத்திருக்கிறவன் என்ன செய்வான்? நம் ஆட்கள் பாதிப்பேர் அந்த வரிசையில்தான் இருக்கிறார்கள்.

பொருளியல்_பித்தன்:

ஏறும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. ஒரு வீட்டின் செலவில் எஃகு ஒரு சிறு பகுதி, அதில் வரி இன்னும் சிறு பகுதி. அதையும் திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறது. 2024 ஜூனில் டீசல் மானியத்தை வெட்டியபோது தகுதியுள்ளவர்களுக்குப் புடி மடானி என்று மாதம் 200 வெள்ளி வங்கிக் கணக்கில் போட்டார்கள். விடுபட்டவர்கள் இருந்தார்கள், முறையீடு வந்தது, ஆனால் கொடுக்கும் குழாய் இருக்கிறது என்று அது காட்டியது. கார்பன் வரிப் பணத்துக்கும் அந்தக் குழாயைப் பயன்படுத்தச் சொல்லி இப்போதே கேட்க வேண்டும், சட்டம் எழுதி முடித்த பிறகு கேட்டால் கிடைக்காது.

வரி விகிதம் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் 75 யூரோ என்றால் சுமார் முந்நூற்றைம்பது வெள்ளி. நாம் பெயருக்கு டன்னுக்குப் பத்து இருபது வெள்ளி வைத்தால் கழிவும் அவ்வளவுதான். கசிவும் நிற்காது, காசும் தங்காது. முதல் நாளே முழு விலை வைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிங்கப்பூர் போல ஏறும் படிகளை முன்கூட்டியே அறிவித்தால், புதிதாக உலை கட்டுகிறவன் முப்பது வருடக் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்வான். ஆசியான் நாடுகள் ஒரே நேரத்தில் ஒரு குறைந்தபட்ச விலைக்கு ஒப்புக்கொண்டால், வியட்நாமுக்கும் இந்தோனேசியாவுக்கும் ஓடிவிடும் என்ற பயமும் பாதி குறையும். இந்தோனேசியா 2023 செப்டம்பரில் கார்பன் சந்தை தொடங்கியிருக்கிறது, பேச ஆள் இல்லாமல் இல்லை.

ஜேபி_மின்னல்:

தரவு மையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரி எரிசக்தித் துறைக்கு என்று இருக்கிறது. மின்சாரத்துக்கு வந்தால் கட்டணத்தில் எல்லோர் தலையிலும் சமமாக விழக் கூடாது. நூறு மெகாவாட் இழுக்கிறவனுக்கும் தாமான் வீட்டில் ஒரு ஏர்கண்டிஷன் போடுகிறவனுக்கும் ஒரே விகிதம் என்றால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன்.

பாயான்_லெப்பாஸ்_அக்கா:

தம்பி சொல்வது நியாயம். அதையும் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:

பிறைக்காரன், எனக்குப் பட்டறை வாடிக்கையாளர்கள் செபராங் பிறையில் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வாரமே என்ன சொல்வது?

பிறைக்காரன்:

முதலில் கம்பி விற்பவரிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்: உலை வகை, ஆலையின் பெயரும் இடமும், டன்னுக்கு நேரடிப் புகை, சரிபார்த்தவர் யார். வாயால் கேட்டால் பதில் வராது. பதில் வராததற்கும் மின்னஞ்சல் கையில் இருக்கட்டும், வாங்குபவருக்குக் காட்டலாம். அடுத்து, ஒவ்வொரு ஏற்றுமதி இன்வாய்சிலும் எந்த ஹீட் நம்பர் எந்தப் பெட்டியில் போனது என்று தனிப் பட்டியல் வைக்கச் சொல்லுங்கள். பல பட்டறைகளில் சுருளை வெட்டியதும் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அங்கேதான் தொடர்பு அறுகிறது. மூன்றாவது, எரிவாயு பில்களைத் தூக்கிப் போடாமல் மாதவாரியாகக் கோப்பில் வைக்கட்டும். வெப்ப உலைக்குத் தனி மீட்டர் இருந்தால் மிகவும் நல்லது.

அக்கா சொன்ன அவகாசம், நிதி இரண்டையும், ஜேபி தம்பி சொன்ன மின்கட்டண விகிதத்தையும் சேர்த்து, வர்த்தக அமைச்சுக்கு ஒரு மனு வரைகிறேன். தமிழிலும் மலாயிலும் இருக்கட்டும். சட்டம்_படித்தவள், 9-ஆம் பிரிவுப் பகுதியை நீங்கள் ஒருமுறை பார்த்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

சட்டம்_படித்தவள்:

அனுப்புங்கள், பார்க்கிறேன். மலேசிய வரியிலிருந்து எந்த வகையில் பணம் திருப்பிக் கொடுத்தால் அங்கே கழிவு குறையும், எந்த வகையில் குறையாது என்பதைத் தனியாக எழுதித் தருகிறேன். சரிபார்ப்புச் செலவுக்கு உதவி கேட்பதையும் வரியைத் திருப்பித் தருவதையும் மனுவில் ஒரே பத்தியில் கலந்துவிடாதீர்கள்.